மூன்றாம் நாள் மெதுவாகிறதா, ஞாயிறு மதியம் மெதுவாகிறதா?

அம்மாபேட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில் ப்ரைம்95 என்ற, மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் ப்ரோக்ராமை ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து வந்து ஆரம்பித்தால் ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால் அது 15 ஆகியிருக்கிறது. அன்று ராத்திரி ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி 10. ஐ5-12400 ப்ராசஸர், 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக, கேபினெட் மேஜைக்கு அடியில் தரையில், வீட்டை ஒட்டித் தறிப் பட்டறை. மூன்று நாள் ஓடினாலே மெதுவாகிவிடுகிறதே, ப்ராசஸர் பழசாகிவிட்டதா, மாற்ற வேண்டுமா என்கிறார். மாற்றுவதா வேண்டாமா என்று கேட்டாலும், அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: நாள் கணக்கில் ஓடும் ஒரு கணக்கு போகப் போக மெதுவானால், காரணத்தை எங்கே தேடுவது? சேலத்தில் ஒரு கல்லூரி கம்ப்யூட்டர் லேபைப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டவன் நான். வீட்டிலும் இதே ப்ரோக்ராமை வெகுநாளாக ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத ஒன்று. ப்ராசஸர் வயதாகி இப்படி மெதுவாவதில்லை. தேய்ந்துபோன ப்ராசஸர் தப்பாகக் கணக்குப் போடும், ஹேங் ஆகும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். மதியம் 15 காட்டிவிட்டு ராத்திரி 10-க்குத் திரும்பாது. அதே மாதிரி, "கரண்ட் கம்மியா வருது, அதான் ஸ்லோ" என்று நம் ஊரில் அடிக்கடி சொல்வார்கள். டெஸ்க்டாப்பில் அதற்கும் இடமில்லை. சுவரில் வோல்டேஜ் இறங்கினாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை, உள்ளே அதே 12 வோல்ட்டைத்தான் கொடுக்கும். கொடுக்க முடியாத அளவுக்கு இறங்கினால் கம்ப்யூட்டர் அணையும், மெதுவாக ஓடாது. லேப்டாப் என்றால் வேறு கதை. வாட்ஸ் குறைந்த சார்ஜரை மாட்டினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த ப்ரோக்ராம் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சி 1996-இல் தொடங்கியது. உலகம் முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்து மிகப் பெரிய பகா எண்களைத் தேடுகிறார்கள். 2018 டிசம்பரில் கிடைத்த 2,48,62,048 இலக்க எண்ணைக் கண்டுபிடித்தது ஒரு சாதாரண ஐ5-4590டி கம்ப்யூட்டர், 12 நாள் நிற்காமல் ஓடி. 2024 அக்டோபரில் கிடைத்தது 4,10,24,320 இலக்கம், அதற்குக் கிராபிக்ஸ் ப்ராசஸர்களைப் பயன்படுத்தினார்கள். நண்பர் சோதிக்கும் எண், 2-ஐ அத்தனை தடவை பெருக்கி 1 கழித்தால் வருவது; அந்த அடுக்கு சுமார் 12 கோடி. அதாவது ஒரு பிரம்மாண்டமான எண்ணைத் தன்னோடு பெருக்கி மீதி எடுப்பதை 12 கோடி தடவை செய்ய வேண்டும். அதில் ஒரு தடவைதான் ஒரு சுற்று. சுற்றுக்கு 10 மில்லி நொடி என்றால் 12 லட்சம் நொடி, கிட்டத்தட்ட 14 நாள். 15 ஆனால் 21 நாள். ஒரு வாரம் கூடிப்போகிறது. அதனால் அவர் கவலைப்படுவது நியாயம்தான்.

இத்தனை வருடத்தில் நான் கற்ற ஒரு வழி இருக்கிறது. மெதுவாவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். ஆரம்பித்து அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் வேகம் இறங்கினால் அது பவர் வரம்பு. இந்த ப்ராசஸர் கொஞ்ச நேரம் 117 வாட் வரை போக அனுமதி உண்டு, அப்புறம் பல மதர்போர்டுகள் அதை 65 வாட்டுக்கு இறக்கிவிடும். இது கோளாறே இல்லை. பத்து இருபது நிமிடத்தில் இறங்கினால், ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் சூடேறி நிறைந்துவிட்டது என்று பொருள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் தூசி, அல்லது ப்ராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்தது. நாள் கணக்கில் இறங்கினால் மட்டும்தான் சிக்கல், ஏனென்றால் அங்கே இரண்டு கடிகாரங்கள் ஒன்றாக ஓடுகின்றன. ப்ரோக்ராம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது ஒன்று. வெளியே மணி என்ன என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரிக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது.

நண்பர் எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள். வெள்ளி ராத்திரி ஆரம்பிக்கிறார். சனிக்கிழமையும் வேலை நாள் என்று எழுதியிருக்கிறார், ராத்திரிதான் திரும்புகிறார். ஆக, அந்தக் கம்ப்யூட்டரை அவர் மதிய நேரத்தில் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். அவர் "மூன்றாம் நாள்" என்று சொல்வது வெறும் "மதியம்" ஆக இருக்கலாம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கும் அது 15-ஆகவே ஓடியிருக்கலாம், பார்க்க ஆள் இல்லை. ரீஸ்டார்ட்டும் ராத்திரிதான் செய்கிறார். அப்படியானால் சரிசெய்தது ரீஸ்டார்ட்டா, ராத்திரியின் குளிர்ச்சியா? இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். பிள்ளைகள் அதே கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்கிறார்களா என்று அவர் எழுதவில்லை. இதில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அவரே கண்டுபிடிக்க முடியும்.

சூட்டுக் கணக்கு எளிது. ஹீட்சிங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது ப்ராசஸரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையின் சூட்டுக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவு ஏறித்தான் நிற்கும். விடியற்காலை அறை 27 டிகிரி, ப்ராசஸர் 87 என்றால் ஏற்றம் 60. ஏப்ரல் மதியம் அறை 38-க்குப் போனால் ப்ராசஸர் 98-ஐத் தொடும். இந்த ப்ராசஸரின் எல்லை 100. அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். ஒரு சமயம் எங்கள் லேபின் ஒரு கம்ப்யூட்டர் மீது இதே சந்தேகம் வந்தபோது, அதைக் காரில் ஏற்றி இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஏற்காட்டில் உறவினர் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். மலையில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஃபேன் தள்ளும் காற்று அந்த அளவுக்குக் குறைவான சூட்டைத்தான் எடுக்கும். இருந்தாலும் அறை பத்துப் பதினைந்து டிகிரி குளிர்ந்திருப்பது அதைத் தூக்கி அடித்துவிடுகிறது. மதியம் முழுக்க ஒரே வேகம். அதோடு சந்தேகம் தீர்ந்தது. மலைக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை நேரே திருப்பி வைத்தாலே அந்தச் சோதனை வீட்டிலேயே முடிந்துவிடும். பத்து நிமிடத்தில் 15 என்பது 11, 12-க்கு இறங்கினால் சூடுதான்.

ஆனால் நண்பரின் விஷயத்தில் சூடு மட்டும் போதுமா என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அந்த ஒற்றை ராம் ஸ்டிக்தான் காரணம். 12 கோடி அடுக்குள்ள எண்ணுக்கு இந்த ப்ரோக்ராம் வைத்திருக்கும் தரவு சுமார் 50 மெகாபைட். இந்த ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி, அதாவது கேஷ், 18 மெகாபைட். உள்ளே அடங்காது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் முழுத் தரவையும் ராமிலிருந்து இரண்டு முறை எடுத்து இரண்டு முறை திருப்பி எழுத வேண்டும். மொத்தம் 200 மெகாபைட் போக்குவரத்து. டிடிஆர்4-3200 ராம் ஒரு ஸ்டிக் என்றால், ஏட்டளவில் நொடிக்கு 25.6 ஜிகாபைட்தான் போகும். வகுத்துப் பாருங்கள், 8 மில்லி நொடி. நடைமுறையில் 10. அவர் காட்டும் எண்ணும் அதேதான்! அதாவது அவருடைய ப்ராசஸர் இப்போதே கணிசமான நேரம் ராமுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. எல்லாக் கோரும் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) ஓடும்போது 4 கிகாஹெர்ட்ஸில் போகும் ப்ராசஸர் சூட்டில் 3.2-க்கு இறங்கினால்கூட, காத்திருக்கும் நேரம் கொஞ்சம் குறையுமே தவிர சுற்று நேரம் பெரிதாக ஏறாது. 10 என்பது 15 ஆக வேண்டுமானால் ஒன்று வேகம் 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மிக மோசமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒரு ப்ரோக்ராம் அதே ராம் பாதையில் குறுக்கே வர வேண்டும். ப்ரைம்95 மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுகிறது, யார் வந்தாலும் வழிவிடும். அதோடு ஆறு கோரும் சேர்ந்து ஒரே எண்ணைப் பெருக்குகின்றன. ஒரு கோரை மட்டும் ஆன்டிவைரஸோ ப்ரவுசரோ பிடித்துக்கொண்டாலும் மற்ற ஐந்தும் அதற்காகக் காத்து நிற்கும். ஆறில் ஒரு பங்குதானே போகும் என்று நினைக்க வேண்டாம். அதைவிட அதிகம் போகும்.

சரி, வேகம் 2 கிகாஹெர்ட்ஸுக்கு விழுமா? தறிப் பட்டறை பக்கத்தில் இருந்தால் விழலாம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் அறிவுரைகளில் இது இருக்காது. சாதாரண வீட்டுத் தூசி ஹீட்சிங்க் தகடுகளின் மேல் படியும். பஞ்சு அப்படிப் படியாது, பின்னிக்கொள்ளும். நூலிழைகள் ஃபேன் வழியாக உள்ளே போய், ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கம்பளி மாதிரி ஒரு படுக்கையாகிவிடும். மேலே இருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம்கூட வழக்கம்போலத்தான் இருக்கும். கொண்டலாம்பட்டியில் ஒரு தறிக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரை இரண்டு பேர் பார்த்து "க்ளீனாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஃபேனைக் கழற்றியபோது அடியில் இருந்ததை ஒரே துண்டாக, தோசையைத் திருப்பி எடுப்பது போல உரித்து எடுத்தேன். அன்று அது 97 டிகிரியிலிருந்து 71-க்கு வந்தது. கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் சுரங்கத்தை ஒட்டிய வீடுகளில் வெள்ளைத் தூள் நிறையப் படியும், ஆனால் அது தூரிகையால் தட்டினால் உதிர்ந்துவிடும். பஞ்சுதான் மோசம்.

ஆகவே நண்பர் ஹீட்சிங்க் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறான வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஊதிக்கொள்ளலாம் என்று சிலர் போவார்கள். வேண்டாம், அந்தக் காற்றோடு தண்ணீரும் வரும். ஹீட்சிங்க்கின் நாலு மூலையிலும் உள்ள ப்ளாஸ்டிக் கால்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அதில் ஒன்று விலகி ஹீட்சிங்க் சாய்ந்திருப்பதை எத்தனையோ கம்ப்யூட்டர்களில் பார்த்திருக்கிறேன். ஹீட்சிங்க்கையே எடுத்துவிட்டால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைக்காமல் திரும்பப் பொருத்தக் கூடாது. கேபினெட்டைத் தரையிலிருந்து மேஜைமேல் ஏற்றுங்கள், பஞ்சு தரையோடுதான் உருளும். தூசி படியாமல் இருக்கட்டும் என்று துணி போட்டு மூடியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். 15 காட்டும்போது செய்யக் கூடாத ஒரே காரியம் ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் செய்தால் தடயம் எல்லாம் அழிந்துவிடும். முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 100 சதவீதம் என்று அங்கே போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், அது ப்ராசஸர் வேலையாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், வேகமாக இருக்கிறது என்று சொல்லாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச ப்ரோக்ராம் இருந்தால் இன்னும் நல்லது. சூட்டினால் வேகம் குறைந்ததா, பவர் வரம்பால் குறைந்ததா என்று ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகக் காட்டும், ஃபைலில் பதிவும் செய்யும். வெள்ளி ராத்திரியே பதிவைப் போட்டுவிட்டால், சனிக்கிழமை மதியம் நீங்கள் இல்லாதபோது என்ன நடந்தது என்பதும் கிடைக்கும். அடுத்து, சிபியு, மெமரி இரண்டையும் தனித்தனியாக வரிசைப்படுத்தி, ப்ரைம்95 தவிர மேலே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அடுக்காக உரிக்க வேண்டும். ப்ரைம்95-இல் ஸ்டாப் கொடுத்து உடனே கண்டினியூ கொடுங்கள். 10-க்குத் திரும்பினால் ப்ரோக்ராமின் கோர்ப் பங்கீட்டில் ஏதோ ஒன்று. திரும்பாவிட்டால் அதை முழுக்க மூடித் திறங்கள். அப்போதும் இல்லையென்றால் ப்ரவுசரை மூடுங்கள், அப்புறம் மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். எந்த அடுக்கில் சரியாகிறதோ அங்கேதான் காரணம். எல்லாம் மூடியும் 15-ஆகவே நின்று, கிகாஹெர்ட்ஸும் 4 பக்கத்திலேயே இருந்தால்தான் ரீஸ்டார்ட். அந்த நிலையில் ரீஸ்டார்ட்டால் சரியானால் விண்டோஸ், ட்ரைவர் பக்கம் தேட வேண்டியிருக்கும். மாறாக, கிகாஹெர்ட்ஸ் 2 பக்கம் விழுந்து கிடந்தால் மூடியைக் கழற்றி ஃபேனை வைத்துப் பாருங்கள், வேறு எதுவும் வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது ரீஸ்டார்ட்டுக்குச் சமம் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால் விண்டோஸ் தன் உள்பகுதியை டிஸ்க்கில் சேமித்து அப்படியே திரும்ப எடுக்கும். ரீஸ்டார்ட் மட்டுமே அதைப் புதிதாகத் தொடங்கும். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் இணைத்திருந்தால் விண்டோஸ் அதை பேட்டரி என்று எடுத்துக்கொள்ளும், கரண்ட் போய் வந்தபின் பவர் மோடு எதில் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைச் சந்தேகப்படத் தேவையில்லை. ப்ரைம்95 அரை மணிக்கு ஒருமுறை தன் நிலையைச் சேமிப்பதோடு சரி. எஸ்எஸ்டி மாற்றினால் ஒரு மில்லி நொடிகூடக் குறையாது. ஒரு எண் முடிந்து அடுத்த எண்ணுக்குப் போகும்போது சுற்று நேரம் ஒரு படி ஏறினால் அதுவும் கோளாறில்லை, எண் பெரிதானால் தரவும் பெரிதாகும்.

ப்ரைம்95 இல்லாமல் சொந்தமாக எழுதிய ப்ரோக்ராமை நாள்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அதில் நானே சிக்கியிருக்கிறேன். ஒரு மாணவி உலோகத் தகட்டில் சூடு பரவுவதைக் கணக்கிடும் ப்ரோக்ராம் எழுதியிருந்தார். முதல் மூன்று மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் பல மடங்கு மெதுவாகும். நான் ஃபேனைச் சுத்தம் செய்தேன், ராமை மாற்றினேன், அவருடைய ஒரு வாரத்தை வீணாக்கினேன். சேமித்த இடத்திலிருந்து புதிதாகத் தொடங்கினாலும் முதல் நொடியிலிருந்தே மெதுவாக ஓடியதை அவர்தான் கவனித்தார். அங்கேதான் விடை இருந்தது. கம்ப்யூட்டர் புதிது, ப்ரோக்ராம் புதிதாக ஆரம்பித்தது, பழசு தரவு மட்டுமே. தகட்டின் ஓரங்களில் மதிப்புகள் குறைந்து குறைந்து, புள்ளிக்குப் பின் முந்நூறுக்கும் மேற்பட்ட சுழிகள் தாண்டித்தான் இலக்கமே வரும் அளவுக்குச் சிறியதாகிவிட்டன. அத்தனை சிறிய எண்களைப் பல ப்ராசஸர்கள் வழக்கமான பாதையில் கணக்கிடாமல் ஒரு தனிப் பாதைக்கு அனுப்பும். சில சுழற்சியில் முடிய வேண்டிய பெருக்கல் நூற்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அவற்றைச் சுழியாகவே எடுத்துக்கொள் என்று கம்பைலருக்கு (எழுதிய ப்ரோக்ராமை ப்ராசஸருக்குப் புரியும்படி மாற்றித் தருவது) ஒரு வரி சேர்த்ததும் வேகம் திரும்பிவிட்டது. சேமித்த இடத்திலிருந்து தொடங்கும்போதே மெதுவா, கொஞ்ச நேரம் கழித்து மெதுவா என்ற இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ப்ரைம்95-இல் இந்தப் பிரச்சினை வராது, அதன் எண்கள் அப்படித் தேய்வதில்லை.

அம்மாபேட்டை நண்பருக்கு இன்னும் ஒன்று. சுற்று நேரத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை சதவீதம் முடிந்தது என்பதையும் ராத்திரிக்கு ராத்திரி குறித்து வையுங்கள். ப்ரைம்95 செய்யும் பகா எண் சோதனையில் நடுநடுவே பிழை சரிபார்ப்பு உண்டு. தப்பு கண்டுபிடித்தால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய்விடும். சுற்று நேரம் 10 என்றே காட்டும், சதவீதம் மட்டும் நகராது. அப்படி ஏதாவது தெரிந்தாலோ, ஹார்ட்வேர் பிழை என்று செய்தி வந்தாலோ வேகத்தை மறந்துவிட்டு முதலில் ராமைச் சோதியுங்கள்.

ப்ராசஸருக்கு எடுத்து வைத்த பணம் இருந்தால், அதில் ஒரு சிறு பங்குக்கு, இப்போது இருப்பதைப் போலவே அதே வேகத்தில் இன்னொரு ராம் ஸ்டிக் வாங்கி, போர்டில் இரண்டாவது சேனலுக்கான இடத்தில் மாட்டுங்கள். பாதை இரண்டாகும். 10 என்பது 6, 7-க்கு இறங்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ராம் பாதை அகலமானால் ப்ராசஸர் காத்திருக்காமல் முழு வேலை செய்யும், இப்போதைவிட அதிகமாகச் சூடாகும். வருகிற ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, ரீஸ்டார்ட் செய்வதற்கு முன், கிகாஹெர்ட்ஸ், ப்ராசஸர் சூடு, மெமரியில் மேலே நிற்கும் மூன்று ப்ரோக்ராம்கள் ஆகியவற்றைக் குறித்து இதன் கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.